நாய் பார்க்கும் நாள்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கல்யாணம் முடிந்து நாலு நாள். இன்று காலை கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சீர்வரிசை வந்து இறங்கியது. பீரோ, கட்டில், மிக்ஸி, இரண்டு நாய்.

நாய் வரும் என்று தெரியும். என் மனைவி ஈஸ்வரிக்குத் தாய் தகப்பன் இல்லை; வளர்த்ததெல்லாம் சித்தப்பா கடற்கரையாண்டிதான். பெண் பார்க்கப் போன அன்று அவர் எடுத்த எடுப்பில், "மாப்ளைக்கு நாயின்னா எப்படி?" என்று கேட்டார். "உயிர் மாமா" என்று சொல்லிவிட்டேன். ஒன்று வரும், அதுவும் மடியில் வைக்கிற சைஸில் வரும் என்று நினைத்தேன். வந்தவை இரண்டும் கன்னி இன வேட்டை நாய்கள். நின்றால் என் இடுப்புக்குக் கொஞ்சம்தான் கீழே. ஒட்டிய வயிறு, நீள மூக்கு, கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் மட்டும் செம்புள்ளி. பெண் நாயின் பெயர் சிட்டு. ஆண் தவசி, எந்நேரமும் கண்ணை மூடிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயராம்.

எங்கள் வீட்டில் முன்பக்கம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் என் அச்சகம், பின்பக்கம் குடித்தனம். அச்சகத்தில் காகிதத் தூசி அதிகம், நாய்களுக்கு ஆகாது. நடுக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். அவற்றின் நன்மைக்காகத்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

ஈஸ்வரி இன்று காஞ்சிபுரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதுவரை வீட்டில் நானும் அவையும்.

கம்ப்யூட்டரைப் பேப்பர் அடுக்கும் மேடை மேல் ஏற்றிவிட்டேன். உயரமான ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை செய்தால் முதுகுக்கு நல்லது. மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போகவில்லை, தாகமில்லை.

தாழ்ப்பாள் சரியில்லை போலிருக்கிறது. தவசி மூக்கால் தள்ளித் திறந்துகொண்டு வந்து ஸ்டூலடியிலேயே படுத்துத் தூங்கிவிட்டது. ஈஸ்வரி வரும்வரை எனக்கு இறங்க நேரமில்லை.

"என்னங்க, வேலை ரொம்பவா?" என்றாள்.

"ஆவணி மாசம். எல்லாருக்கும் நாளைக்கே பத்திரிகை வேணும்."

சிட்டு இன்றும் சாப்பிடவில்லை. வந்ததிலிருந்து தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ராத்திரி ஈஸ்வரி ஊட்டும் கொஞ்சம் பாலோடு சரி.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஈஸ்வரி இன்று அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னாள். நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னால் சொல்லவில்லை.

"எங்க வீட்ல நாயை விக்க மாட்டாக. நம்பிக் குடுப்பாக. குடுத்தவுக ஒரு மாசம் கழிச்சு நாய் பாக்க வருவாக. தடவிப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாமத் திரும்பி நடப்பாக. நாய் நின்ன எடத்துலயே நின்னா இதான் அதுக்கு வீடு. பின்னாலேயே போயிருச்சுன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவாக. நாம கூப்பிடக் கூடாது, பிடிக்கக் கூடாது."

"பொண்ணைப் பாக்க வரமாட்டாரா?"

"பொண்ணுக்கு வாய் இருக்குல்ல. புடிக்கலைன்னா சொல்லிரும்."

செப்டம்பர் இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். தவசியைப் பற்றிக் கவலை இல்லை. சோறு போடும் இடமெல்லாம் அதற்குச் சொந்த ஊர். சிட்டுதான் சந்தேகம். அது தாய் செத்த குட்டியாம். ஈஸ்வரி பாலாடையில் பால் ஊற்றிப் பிழைக்க வைத்திருக்கிறாள். "அது போயிட்டா இந்த ஊர்ல எனக்கு எதுவும் ஒட்டாதுங்க" என்று சொல்லிவிட்டு, கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. சொல்லவில்லை.

ஒரு நாய் குறையலாம் என்பதில் எனக்கு வருத்தமுமில்லை, சந்தோஷமுமில்லை. இரண்டாவது அவ்வளவு நிஜமில்லை.

ஆகஸ்ட் 30, சனி

மாமா தினமும் காலையில் போன் செய்கிறார். ஒரே கேள்விதான்: "சிட்டு சாப்ட்டுச்சா மாப்ள?" இல்லை என்றால் ஒரு பெருமூச்சு.

இன்று, "போனை அது காதுல வைங்க, நான் பேசுதேன்" என்றார். ஈஸ்வரி டூட்டிக்குப் போய்விட்டாள். போனை முறத்தில் வைத்து, துடைப்பத்தால் மெதுவாகச் சிட்டு படுத்திருந்த மூலைக்குத் தள்ளினேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் இருக்கும் வீடு, சுத்தம் முக்கியம். மாமா அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தார். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, வேப்பமரத்துக் காக்கை இன்னும் அதே அட்டகாசம்தான். சிட்டு போனின் மேல் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பேசி முடித்து அவர் வைத்தபிறகும் தலையை எடுக்கவில்லை. நான் போனைத் திரும்ப வாங்க மாலையாகிவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஓடவிட்டால் பசிக்கும் என்றாள் ஈஸ்வரி. எங்கே ஓடவிடுவது? தெருவில் பஸ், லாரி, பட்டுப்புடவை வாங்க வந்த கார்கள். எனக்குத் தெரிந்து வண்டி வராத வெட்டவெளி ஒன்றுதான். புள்ளலூர்.

புள்ளலூர் எனக்கிருக்கும் ஒரே கெட்ட பழக்கம். 1780-ல் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிக்காரர்களின் படையைச் சுற்றி வளைத்த இடம். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. கர்னல் பெய்லி சரணடைந்தார். மறு வருஷம் அங்கேயே இன்னொரு சண்டை. அதில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகள் இரண்டு பேருக்கு நட்ட உயரத் தூண்கள் இன்றும் வெளியில் நிற்கின்றன. இருபது வருஷமாக அங்கே போகிறேன். வெடிமருந்து வண்டிகள் எந்த இடத்தில் வெடித்தன என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

பேப்பர் பண்டில் ஏற்றும் லோடு ஆட்டோவில் ஈஸ்வரியும் நாய்களும் பின்னால், நான் முன்னால். நடுவில் கம்பி இருக்கிறது. வண்டி ஓட்ட இதுவே வசதி.

ஏரி காய்ந்து கிடந்தது. ஈஸ்வரி கயிற்றை அவிழ்த்தாள். அவை ஓடியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் இதே இடத்தில் ஹைதரின் குதிரைப்படை வந்த வேகத்தைக் கற்பனை செய்ய முயன்றிருக்கிறேன், முடிந்ததில்லை. இன்று அந்தக் காட்சி வந்துவிட்டது. வாயைத் திறந்தபடி நின்றேன். ஈஸ்வரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்தது இன்றுதான்.

சிட்டு சாப்பிடவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாமாவின் பக்கத்து வீட்டு அக்கா, பூரணம், ஈஸ்வரிக்குப் போன் செய்தார். சித்தப்பா அடுப்பே பற்றவைப்பதில்லையாம். டீக்கடையில் ஒரு டீ, ஒரு பன், அவ்வளவுதானாம். வயசானால் பசி குறைவது சகஜம்.

சிட்டு இன்றும் சாப்பிடவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

சிட்டு சாப்பிட்டது!

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். ஒரு பெரிய இடத்துப் பத்திரிகை. ஒரு பெயர் மாறினாலும் என் கதை கந்தல். அதனால் ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "நிகழும் மங்களகரமான" என்று ஆரம்பித்து மணமகனின் தாத்தா பெயருக்கு வந்தபோது பின்கட்டில் தட்டு நகரும் சத்தம். எட்டிப் பார்த்தால் சிட்டு காலையில் வைத்த சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. படிப்பதை நிறுத்தினேன். அதுவும் நிறுத்திவிட்டது. "இருவீட்டார் அழைப்பு" என்றேன். திரும்பத் தின்றது.

பத்திரிகை தீர்ந்துவிட்டது, சோறு தீரவில்லை. போன மாசத்துப் பத்திரிகைகள், ஒரு காதுகுத்து, ஒரு கடைத் திறப்பு விழா எல்லாவற்றையும் படித்தேன். தட்டு காலி.

சாயங்காலம் ஈஸ்வரி காரணம் சொன்னாள். "சித்தப்பா பேசிக்கிட்டேதான் சோறு வைப்பாக. அந்த வீட்ல மனுசங்க கொறைவு. வாய் ஓயாம நாய்ககூடத்தான் பேசிக்கிட்டிருப்பாக. உங்க வீடு அமைதியா இருந்துச்சுல்ல, அது பயந்துருச்சு போல."

என் வீடு அமைதியாக இருந்தது உண்மை. நாற்பத்து மூன்று வயதுவரை தனியாக இருந்தவன் யாரிடம் பேசுவான்?

செப்டம்பர் 5, வெள்ளி

மாமா போன் செய்ததும் சந்தோஷமாகச் சொன்னேன். "சாப்பிட்டுச்சு மாமா. ரெண்டு வேளையும்."

"அப்படியா" என்றார். "நல்லது மாப்ள" என்று வைத்துவிட்டார். காதில் வைக்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 6, சனி

மாமா போன் வரவில்லை. சிக்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மறுபடி புள்ளலூர். இன்று ஒரு கூத்து.

நான் தூணடியில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்துவைத்திருந்தேன். சிட்டு ஓடிக் களைத்து, எனக்கு எட்டாத தூரத்தில், அதாவது நான் அதற்கு எட்டாத தூரத்தில், வந்து உட்கார்ந்தது. பேச்சு கேட்டால்தான் சாப்பிடுகிறதே என்று அதற்குச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தேன். பெய்லி வந்த வழி, திப்பு மறைந்திருந்த இடம், வண்டி வெடித்த மேடு. கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். என் கருத்தை இவ்வளவு பொறுமையாக இதுவரை யாரும் கேட்டதில்லை.

தலையைத் தூக்கினால் வேலியோரம் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். முன்னால் நின்றவர் ஒரு விவசாயி, பெயர் வேதாசலமாம்.

"இன்னா சார், மேப்பு வச்சினு நாய்க்கு எடம் காட்டினுகிறீங்க? புதையலா?"

இல்லை என்றேன். அவர்கள் நம்பவில்லை. புதையலை மோப்பம் பிடிக்க வெளியூரிலிருந்து நாய் கொண்டுவந்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நான் 1780-லிருந்து விளக்க ஆரம்பித்தேன், விளக்க விளக்கச் சந்தேகம் ஏறியது. கடைசியில் ஈஸ்வரி ஏரியிலிருந்து ஓடி வந்தாள். "அண்ணே, எனக்குக் கல்யாணமாகி வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. தெருவுல நாய் ஓட எடமில்ல. அதான் கூட்டிட்டு வாறோம்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று வேதாசலம் என்னைத்தான் திட்டினார். ஆட்டுப் பக்கம் மட்டும் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தக் களேபரத்தில் என் தயிர்சாதப் பொட்டலத்தைச் சிட்டு பாதிக்குமேல் காலி செய்துவிட்டது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துதான் தின்றிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் நகர்ந்திருப்பேன்.

செப்டம்பர் 10, புதன்

புள்ளலூர்ப் போர் நடந்த நாள். வருஷா வருஷம் இன்று தனியாகப் போய்வருவேன். ஈஸ்வரிக்கு டூட்டி. வண்டியில் இடம் காலியாகத்தானே போகிறது என்று நாய்களையும் ஏற்றிக்கொண்டேன். கயிறு கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அது தவசியின் வழக்கம், எனக்கும் உதவியது.

மூன்று மணிக்கு இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டது. வெட்டவெளியில் ஒதுங்க இடமில்லை. லோடு ஆட்டோவின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் மூவரும் ஏறிக்கொண்டோம். இடி விழுந்ததும் சிட்டு என்மேல் சாய்ந்தது. நகர இடமில்லை. அதன் இதயம் என் விலாவில் அடித்தது. எது என்னுடையது, எது அதனுடையது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. அதற்கும் பயம் உண்டு என்று எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

கையை அதன் முதுகில் வைத்தேன். மழையில் ஈரமாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக. ஈரமில்லை. கையை எடுக்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

கம்ப்யூட்டரைத் திரும்பவும் கீழே மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று பூரணம் அக்கா மறுபடி பேசினார். மாமா சாயங்காலமானால் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறாராம். எங்கேயும் போவதில்லை, யாரும் வருவதுமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கிறாராம். ஈஸ்வரி அழுதாள். அவள் முப்பத்தாறு வயதுவரை கல்யாணம் வேண்டாம் என்று இருந்தது அவருக்காகத்தான். அவரோ, நான் செத்தபிறகு உனக்கு யார் என்று பிடிவாதம் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறார். போகிற ஊரில் அவள் தனியாக இருக்கக் கூடாது என்று நாய் இரண்டையும் கொடுத்தனுப்பிவிட்டார்.

"இங்க வந்து இருங்கன்னு கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன்.

"கூப்பிடாமலா? பொண்ணு குடுத்த வீட்டுல போய் உக்காந்து திம்பாகளான்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாக."

செப்டம்பர் 18, வியாழன்

சிட்டுவை விடக் கூடாது. ஈஸ்வரிக்காக.

நாய் பார்ப்பதைப் புள்ளலூரில் வைத்துக்கொள்ளலாம் என்று மாமாவிடம் போனில் சொன்னேன். தெருவில் வண்டி தொல்லை என்றேன். ஒத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாது, தரையைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி சண்டை முடிந்துவிடும். மாமா ஏரிக்கரையில் கிழக்கே பார்த்து நடக்க வேண்டும்: எதிர்வெயில். நாங்கள் தூண் நிழலில். காலையில் சிட்டுவுக்குச் சோறு கிடையாது, தயிர்சாதம் என் பையில். கூப்பிடக் கூடாது என்றுதானே வழக்கம்? வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பத்திரிகையைக் கையில் வைத்திருப்பேன்.

பெய்லி இதில் பாதி யோசித்திருந்தால் பிழைத்திருப்பார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடியும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். பெண் பார்க்கப் போனபோது பார்த்த ஆள் இல்லை, சட்டை தொளதொளவென்று தொங்கியது. நாய் பார்க்காமல் வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று நேரே நாய்கள் இருந்த வண்டியின் பின்பக்கம் ஏறிவிட்டார். வழியெல்லாம் பேச்சுச் சத்தம். அவர் நாய்களோடு, நாய்கள் அவரோடு. ஈஸ்வரி என் பக்கத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புள்ளலூரில் தூண்களை அண்ணாந்து பார்த்தார். சண்டையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"சண்டையில நாய் இருந்துச்சா மாப்ள?"

"தெரியலை மாமா."

"இல்லாமலா இருக்கும். எளுதிருக்க மாட்டாக" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். தவசியின் பல், காது, பாதம். பிறகு சிட்டு. விலாவைத் தடவினார். "நல்லா வச்சிருக்கீக. எங்கிட்ட இருந்ததவிட நல்லாவே இருக்கு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஏரிக்கரை மேல் ஏறிக் கிழக்கே நடக்க ஆரம்பித்தார்.

தவசி ஈஸ்வரியின் காலடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. சிட்டு நின்றது. அவரைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. நான் பொட்டலத்தைப் பிரித்தேன். பத்திரிகையை எடுத்து, "நிகழும் மங்களகரமான" என்றேன். அதற்குமேல் படிக்க முடியவில்லை. கரை மேல் போய்க்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தபிறகு பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். என் திட்டத்தில் எல்லாம் இருந்தது, அந்த முதுகு இல்லை.

சிட்டு போய்விட்டது. ஓடவில்லை, நடந்துதான் போனது. கரை திரும்பும் இடத்தில் நின்று ஒரு தடவை என்னைப் பார்த்தது. ஈஸ்வரியை இல்லை, என்னை. பிறகு இரண்டு பேரும் மறைந்துவிட்டார்கள்.

"போகட்டும்" என்றாள் ஈஸ்வரி. "சித்தப்பாவுக்கு ஒரு துணை வேணும்ங்க." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு வலித்தது. நிஜமான வலி. ஒரு மாதத்துக்கு முன்னால் இதே நடந்திருந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பேன்.

"அதோட தட்டைக் குடுத்துட்டு வரேன்" என்று சொல்லி நடந்தேன். தட்டு வீட்டில் இருந்தது.

கரையின் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் மதகுக் கல் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். சிட்டு முன்னால் நின்றது. அவர் அதைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஏன் வந்த? புள்ள அங்க தனியா நிக்கா. போ. போன்னா போ." கையில் ஒரு மண்ணாங்கட்டி. எறியவில்லை. என்னைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டார்.

"வெரட்டிப் பாத்துட்டேன் மாப்ள, போக மாட்டேங்கு. வளக்கம்னா வளக்கம். கூட்டிட்டுப் போறேன். ஈஸ்வரிகிட்ட மட்டும் எப்படியாச்சும் சொல்லிருங்க."

"ஊர்ல இதுக்கு யாரு சோறு வைப்பா? அடுப்பே பத்த வைக்கிறதில்லையாமே."

அவர் சிட்டுவின் காதைத் தடவினார்.

"நீங்களும் இங்கேயே இருங்க மாமா."

"அது எப்படி? பொண்ணு குடுத்த வீட்டுல வந்து உக்காந்து திங்கவா?"

அந்த இடத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு நாய்னா பயம்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினேன். "ஏழு வயசுல கடிச்சது. தழும்பு இருக்கு பாருங்க. ஈஸ்வரி வேலைக்குப் போனதும் ஸ்டூல் மேல ஏறி உக்காந்துக்குவேன். தண்ணி குடிக்கக்கூட இறங்கமாட்டேன். உங்க போனை முறத்துல வச்சுத்தான் தள்ளிவிட்டேன். பகல்ல வீட்ல ஆள் இல்லாம இதுங்ககூட என்னால இருக்க முடியாது மாமா. நீங்க சும்மா உக்காந்து சாப்பிட வேண்டாம். இதுங்களைப் பாத்துக்க ஆள் இல்லாம நான்தான் செத்துக்கிட்டிருக்கேன்."

எல்லாம் நடந்தவைதான். போன மாசம் நடந்தவை.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நாயின்னா உசுருன்னு சொன்னீகளே?"

"பொண்ணு புடிச்சிருந்துச்சு மாமா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பலாமா வேண்டாமா என்று முகத்தில் ஓடியது. அந்த நேரம் பார்த்துச் சிட்டு நேராக என்னிடம் வந்து, முன்னங்கால் இரண்டையும் என் நெஞ்சில் வைத்து மோவாயை நக்கியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். "ஐயோ" என்று அலறிக்கொண்டு பின்னால் போனதில் கரை சரிந்து, பத்தாம் தேதி மழையில் தேங்கி இன்னும் காயாத சேற்றில் மல்லாந்து விழுந்தேன். வேண்டுமென்றே விழவில்லை. ஆனால் உடனே எழுந்திருக்கவுமில்லை.

மாமா சிரித்த சிரிப்பு ஏரி முழுக்கக் கேட்டது. ஈஸ்வரி ஓடிவந்து பார்க்கும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாயி, இந்த மனுசனை நாயோட விட்டுட்டு நான் எப்படிம்மா ஊருக்குப் போவேன்? செத்துப்போவாருல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

உடம்பெல்லாம் வலி. ஈஸ்வரி தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, "பயமா உங்களுக்கு? முந்தாநாள் சாயங்காலம் நான் டூட்டி முடிஞ்சு வந்தப்ப அது உங்க தலகாணியில படுத்திருந்துச்சு, நீங்க தரையில படுத்திருந்தீங்க" என்றாள்.

நான் சுவரைப் பார்த்தேன்.

"சித்தப்பாகிட்ட சொல்லமாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை நாட்குறிப்பில் எழுதுவதற்கில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

புள்ளலூர். ஐந்து பேர். வேதாசலம் மாமாவுக்கு வேர்க்கடலை கொடுத்தார். என் கருத்தை மாமாவுக்கு விளக்கினேன். பாதியில் தூங்கிவிட்டார். இரண்டு வாரத்தில் கொஞ்சம் சதை பிடித்துவிடும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மழையால் எங்கும் போகவில்லை. புரட்டாசி என்பதால் கடையில் கூட்டமில்லை, ஐப்பசி ஆர்டர்கள் மட்டும். மதியம் மேஜையில் உட்கார்ந்து பத்திரிகை ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சிட்டுவின் தலை என் மடியில். ஈஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் மாமா போனில் பேசுவது கேட்டது. பூரணம் அக்காவாகத்தான் இருக்கும். எப்போது ஊருக்கு வருகிறீர்கள் என்று கேட்டிருப்பார்.

"எங்கிட்டுத்தா வர? இங்க இருக்கிற வேலை உனக்குத் தெரியாது. மாப்ளைக்கு நாயின்னா குலை நடுக்கம். நான் ஒரு எட்டு கடைக்குப் போனாக்கூட மனுசன் முகம் வெளிறிப்போகுது. பாவம், நல்ல மனுசன், வெளிய சொல்ல வெக்கப்படுதாரு. நான் இருக்கப் போயி அவரு ஒளுங்காத் தொளில் பாக்காரு. இப்பைக்கு வர முடியாதுத்தா. வீட்டுச் சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

பேசி முடித்து எழுந்து வரும் செருப்புச் சத்தம். சிட்டுவின் காதைக் கடைசியாக ஒரு தடவை தடவிவிட்டு, தலையை மெதுவாக மடியிலிருந்து கீழே இறக்கினேன். பிறகு கொஞ்சம் சத்தமாகவே குரல் கொடுத்தேன்.

"மாமா, சீக்கிரம் வாங்க. வந்து இதைக் கொஞ்சம் பிடிங்க."